பாயாக விரிந்த புகை

அந்தக் காலத்தில் சூட்டுக்கு வாயும் உண்டு, காலும் உண்டு. சோறு பொங்கிய சூடு, இரும்பு காய்ச்சிய சூடு எல்லாம் வேலை முடிந்ததும், விளக்கு வைக்கும் நேரத்தில் "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு வானத்துக்கு ஏறிவிடும். பகலெல்லாம் மண்ணில் கிடந்த வெயிலும் கூடவே கிளம்பும். மனிதர்களுக்குக் குரல் மட்டும் கேட்கும். பூனைக்குத்தான் ஆளும் தெரியும்.

கடலோரத்தில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற ஊர் ஒன்றில் மூக்காயி என்று ஒருத்தி இருந்தாள். அந்த ஊரில் சிப்பி சுடுகிற சூளையான காளவாசலுக்குத் தீ மூட்டியதும் மேல்வாயில் ஈரப்பாய் போட்டு மண் பூசிவிடுவார்கள். சூடு வெளியே போனால் சிப்பி வேகாதே. அங்கே மூடத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர், மூக்காயியோ மகா கெட்டிக்காரி.

போன மார்கழிக் குளிரில் அவளுடைய தலைப்பிள்ளை விறைத்துச் செத்துப்போனது. இந்த மார்கழியில் கைக்குழந்தை செல்லக்கனிக்கும் உதடு நீலம் பாரித்தது. மூக்காயி பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள். இத்தனை சூடும் தினம் வீணாக மேலே போகிறதே, காளவாசலை மூடுகிற மாதிரி வானத்தையும் மூடினால் என்ன என்று நினைத்தாள். அவள் வீட்டுப் பூனை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது. பெற்றவளிடம் பேசி ஜெயித்தவர் உண்டா?

சாயங்காலம் காளவாசலடிக்குப் போய்ப் புகையைக் கூப்பிட்டாள். ஊருக்கு மேலே பாயாக விரிந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"படுக்கத் தெரியும் தாயி," என்றது புகை. "எந்திரிக்கத் தெரியாது."

"நீ படு. எம்பிள்ளை தூங்கட்டும்."

புகை படுத்தது. அன்று செல்லக்கனி காலை நீட்டித் தூங்கினாள். மூக்காயி சந்தோஷத்தில் அழுதாள்.

விடிந்தபோது புல்லில் பனி இல்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விளக்கு வைத்தபோது "வர்றேன்" என்ற குரல் கேட்கவில்லை. அதற்குப் பதில் கூரைக்கு மேலே ஏதோ முட்டுகிற சத்தம். பிறகு வாசலுக்கு வாசல் மெதுவான குரல்கள், "வழி எங்கே?" என்று. யார் பதில் சொல்வது? குரல்கள் உள்ளே வந்தன. கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுத்தது, கறந்த பால் செம்பிலேயே திரிந்தது. யாருமே நிற்காத இடத்தில் ஆள் மூச்சு விடுவது போல அனல் முகத்தில் அடித்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அடுப்பு வீசுகிற சூடுதான் ஊரைக் கொதிக்க வைக்கிறது என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அடுப்புகளில் தண்ணீர் ஊற்றினார்கள், காளவாசலை இடித்தார்கள், ஊறவைத்த அரிசியைத் தின்றார்கள். சூடு குறையவே இல்லை. செல்லக்கனியின் உடம்பு அனலாகக் கொதித்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

மூக்காயி பூனையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். "எல்லா அடுப்பையும் அணைச்சாச்சே. இன்னும் வீட்டுக்குள்ள யாரு நிக்கா?"

"அடுப்பிலிருந்து வந்தது இதுல ஒண்ணு ரெண்டுதான், மூக்காயி," என்றது பூனை. "மத்ததெல்லாம் வெயிலோட ஆளு. காலையில வந்தது, சாயங்காலம் போகணும். நீதான் வழிய மூடிட்டியே."

அவள் வெளியே ஓடிப்போய், எழுந்திரு எழுந்திரு என்று புகையிடம் கதறினாள். மேலே அசைவே இல்லை. எந்திரிக்கத் தெரியாது என்று அது முன்பே சொல்லியிருந்தது.

திரும்பி வந்தவள் பூனையின் காலைப் பிடித்தாள். சூடு வீட்டுக்குள் வந்து நிற்பதைத் தடுக்க வேண்டாம், என் பிள்ளையின் தொட்டிலை மட்டும் நெருங்கவிடாதே என்று கெஞ்சினாள்.  பூனை அணைந்த அடுப்புக்குள் இறங்கி, சாம்பலில் படுத்துக்கொண்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் மூலையைக் கண்கொட்டாமல் பார்த்தது. அங்கே எதுவோ ஓரடி பின்வாங்கியதை மூக்காயி தன் கன்னத்தில் உணர்ந்தாள்.

செல்லக்கனி பிழைத்தாள். ஆனால் சாகும்வரை ஒருநாளும் அவள் போர்வை கேட்கவில்லை.

அன்று தொடங்கிய காவல்தான், இன்றும் பூனை அடுப்புச் சாம்பலில் சுருண்டு படுப்பதும், திடுக்கென்று தலை தூக்கி ஆளில்லாத மூலையை வெறிப்பதும். மேலே புகை இன்னும் எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் பூனை ஒரு மூலையைத்தான் பார்க்கும். இப்போது நடுவீட்டையும் பார்க்கிறது.