காட்டுப்பன்றியின் காரில் எத்தனை பேர்?

என் மீசை மேல் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய் என்றால் இன்றைக்கே என் பல்லெல்லாம் கொட்டட்டும்!

ஒரு காட்டில் காட்டுப்பன்றி ஒன்று கார் வைத்திருந்தது. ஒரு நாள் மதியம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய், குளத்தோரம் நடந்துகொண்டிருந்த ஆமையின் மேல் மோதிவிட்டது. ஆமையின் ஓடு நீளமாக விரிசல் விட்டது.

அந்தக் காட்டில் இன்சூரன்ஸ் நடத்துவது தேனீக்கள். அடிபட்டவருக்கு நஷ்ட ஈடாகத் தேன்மெழுகு கொடுக்கும். விரிசலை மெழுகால் அடைத்தால் ஆமை பிழைத்துக்கொள்ளும். அதற்குள் மழை வந்துவிட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து ஆள் காலி! வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

இதில் வக்கீல் நரி மூக்கை நுழைத்தது. "சும்மா கிடைக்கிற மெழுகுடா! 'நானும் வண்டியில இருந்தேன், எனக்கும் அடி'ன்னு சொல்லுங்க. வர்றதுல பாதி எனக்கு!" என்று காடு முழுக்க ஓதிவிட்டது.

மறுநாள் நீதிபதி யானையம்மாள் முன்னால் ஒரே முனகல். குரங்கு கழுத்தைப் பிடித்துக்கொண்டது. கரடி இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மயிலுக்குத் தோகையில் சுளுக்காம்! முள்ளம்பன்றி, எந்தக் காலை நொண்டுவது என்று முடிவு பண்ணாமலே நொண்டிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா பன்றி, இவங்க எல்லாம் உன் வண்டியில இருந்தாங்களா?" என்று கேட்டது யானை.

"தாயே, நான் தூங்கிக்கிட்டே ஓட்டினேன். பின்னால யாருன்னு எனக்கென்ன தெரியும்!"

ராணித்தேனீ ரீங்கரித்தது. "இத்தனை பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கடுகளவுதாங்கம்மா வரும்!"

ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்லக் கழுத்தை நீட்டியது. "அம்மா, நேத்து எப்படி உட்கார்ந்திருந்தாங்களோ, அப்படியே உட்கார்ந்து காட்டச் சொல்லுங்க. வண்டியும் நேத்து மாதிரியே ஒரு குலுக்கு குலுங்கட்டும்!"

"நியாயம்தான். ஏறுங்க!" என்றது யானை.

முள்ளம்பன்றி பின் சீட்டில் நடுவாகப் பார்த்து உட்கார்ந்தது. ஒரு பக்கம் கரடி, மறுபக்கம் குரங்கு, மேலே மயில். "அட, நானும்தான் இருந்தேன்!" என்று நரியும் இடித்துக்கொண்டு நுழைந்து கதவைச் சாத்தியது.

யானை தும்பிக்கையால் காரை ஒரே ஒரு ஆட்டு ஆட்டியது.

"ஐயோ! அம்மா!"

"நான் நேத்து மரத்து மேலதான் இருந்தேன்!" என்று அலறியது குரங்கு.

"நான் குகையில தூங்கினேன்! சத்தியமா தூங்கினேன்!" என்றது கரடி.

மூக்கெல்லாம் முள்ளோடு நரி கதவை உதைத்தது. "நான் இந்தக் காட்டுலயே இல்லடா! திறங்கடா!"

மெழுகு மொத்தமும் ஆமைக்கே வந்தது. பன்றியின் கார் சாவியை யானை பிடுங்கி வைத்துக்கொண்டது. தேனீக்கள் விரிசலை அடைத்து முடித்ததும் மழை கொட்டியது. ஆமை குளத்தில் ஒரு முங்கு முங்கி எழுந்தது.

"அப்பாடா! ஒரு சொட்டுகூட உள்ளே வரல!"

அடிபடாமலே நஷ்ட ஈடு கேட்கப் போகிறவனுக்கு அடி மட்டும்தான் கிடைக்கும், ஈடு கிடைக்காது.

போகட்டும், இதை நான் சொன்னேன் என்று மட்டும் எங்கேயும் வாய் விட்டுவிடாதீர்கள். அந்த நரி இப்போது மானநஷ்ட வழக்குப் போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறதாம்!