சடையம்மாவின் புதினா பர்பி

மலைக்காட்டில் ஒரு கரடி இருந்தது. அதன் பெயர் சடையம்மா. உடம்பு முழுக்கச் சடை சடையாக முடி. அது நடந்து வந்தால் ஒரு புதர் எழுந்து நடந்து வருவதுபோல இருக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். இரண்டு மாதம் மழை கொட்டித் தீர்க்கும். அது ஓய்ந்த பிறகு, மார்கழி பத்தாம் நாளை வெயில் திருநாளாகக் கொண்டாடுவார்கள். அன்றைக்கு ஒவ்வொருவரும் தங்கள் கையால் செய்த ஏதாவது ஒன்றை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர், கொடுத்தவர் கண்ணெதிரே ஒரு வாய் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

சடையம்மா புதினா பர்பி செய்யும். காட்டெருமை கொம்பாயி கொடுக்கும் பாலைச் சுண்டக் காய்ச்சும். தேன் ஊற்றிக் கிண்டும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, ஓடைக்கரைப் புதினாவைக் கசக்கிச் சாறு விடும். காட்டுவாழை இலையில் கொட்டி, ஆறியதும் வில்லை போடும். வாயில் வைத்தால் முதலில் பால் இனிக்கும். அப்புறம் பெப்பர்மின்ட் மிட்டாய் போல நாக்கு சில்லென்று ஆகும். அதற்காகவே ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

எல்லாம் மூன்று வருடத்துக்கு முன்பு வரை.

அந்த வருடம் பாறை இடுக்கில் தேன் எடுக்கப் போனபோது மலைத்தேனீக்கள் சடையம்மாவின் மூக்கைச் சூழ்ந்துகொண்டன. மூக்கு வீங்கிப் பலாச்சுளை மாதிரி ஆனது. பத்து நாளில் வீக்கம் வடிந்தது. ஆனால் மோப்பம் திரும்பி வரவில்லை.

அதைச் சடையம்மா யாரிடமும் சொல்லவில்லை. மோப்பம் போன கரடியை யார் மதிப்பார்கள்?

திருநாள் வந்தது. சடையம்மா பர்பி கிண்டியது. புதினாவின் அளவை எப்போதும் அது மூக்கால்தான் பார்க்கும்; திருநாளுக்குக் கொடுப்பதை நாக்கில் வைத்துப் பார்க்காது. ஒரு பிடி போட்டது. வாசனை தெரியவில்லை. இன்னொரு பிடி. ஊகூம். கடைசியில் ஒரு கூடையையே கசக்கி ஊற்றியது. அப்போதுதான் மூக்கின் நுனி லேசாகக் குளிர்ந்தது.

"சரியான பதம்!" என்றது சடையம்மா.

முதல் வில்லையை முள்ளம்பன்றி ஈட்டிமுத்துதான் வாயில் போட்டது. அதன் முட்களெல்லாம் ஒரே நேரத்தில் சிலிர்த்துக்கொண்டு நின்றன. கொம்பாயிக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. குகைக்கு மேலே உள்ள மருதமரத்தில் குடியிருக்கும் மலையணில் செவந்தி, "ஆஹா! ஆஹா!" என்று வாயைத் திறந்து மூடியது.

"என்ன கொம்பாயி, அழறே?" என்று கேட்டது சடையம்மா.

நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டுமே! "சந்தோஷம் தாங்கலே, சடையம்மா!" என்றது கொம்பாயி.

மூன்று பேரும் மிச்சத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்த் தாமரைக் குட்டையில் போட்டார்கள்.

அவ்வளவு பாராட்டு கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அடுத்த வருடம் சடையம்மா இரண்டு சட்டி கிண்டியது. அதற்கடுத்த வருடம் நான்கு. ஒவ்வொரு வருடமும் எல்லோரும் அழுதார்கள். ஒவ்வொரு வருடமும் குட்டை நிரம்பியது.

இந்த வருடம் மழை ஓய்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மரத்தின் மேலிருந்து செவந்தி கீழே பார்த்தது. சடையம்மா ஒரு கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்துப் புற்றைத் தோண்டியது. அதுவும் காலி. மூன்றாவது புற்றிலிருந்து ஒரு பாம்பு சீறிக்கொண்டு தலையை நீட்டியது. சடையம்மா பதறிப் பின்வாங்கி உட்கார்ந்தது. முடியை விலக்கிக்கொண்டு விலா எலும்பு தெரிந்தது.

செவந்தி சரசரவென்று இறங்கி வந்தது.

"என்னக்கா இப்படி இளைச்சுட்டீங்க? தேன் இருக்குமே, குடிக்கலாமில்ல?"

"நல்லாச் சொன்னே போ! அது திருநாளுக்குடி." சடையம்மா குகையின் மூலையைக் காட்டியது. பன்னிரண்டு மூங்கில் குழாய்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் தேன். "ரெண்டு மாசமா ஒரு சொட்டு தொடலே, தெரியுமா? போன வருஷம் எப்படி அழுதுக்கிட்டே சாப்பிட்டீங்க! இந்த வருஷம் எட்டுச் சட்டி!"

செவந்தி நேரே தாமரைக் குட்டைக்கு ஓடியது. கொம்பாயியையும் ஈட்டிமுத்துவையும் கூப்பிட்டது.

"சடையக்கா பட்டினி கிடக்கு. நாம குட்டையில தூக்கிப் போடுற பர்பிக்காகப் பட்டினி கிடக்கு. இன்னிக்கே உண்மையைச் சொல்லிடணும்!"

"ஏம்மா செவந்தி, உனக்கு இரக்கமே கிடையாதா?" என்றது ஈட்டிமுத்து. "மூணு வருஷம் ஆஹான்னுட்டு, இப்பப் போய் நல்லா இல்லேன்னா அவ மனசு என்ன ஆகும்?"

குட்டையிலிருந்து ஒரு தவளை தலையை நீட்டியது. "எங்க மனசை யாராச்சும் கேட்டீங்களா? தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தா சில்லுங்குது! எங்க புள்ளைங்க குதிக்கும்போதெல்லாம் தும்முதுங்க!"

"நீ சும்மா இரு," என்ற கொம்பாயி கொம்பை ஆட்டியது. "எனக்கு ஒரு யோசனை. பால் வத்திப்போச்சுன்னு சொல்லிடறேன். பால் இல்லேன்னா பர்பி இல்லே. யாருக்கும் மனவருத்தமும் இல்லே!"

"பிரமாதம்!" என்றது ஈட்டிமுத்து.

செவந்திக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டது. உண்மையைச் சொல்ல அதற்கும் பயம்தான்.

கொம்பாயி போனது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அதன் கொம்பில் கொடியால் கட்டிய ஒரு மூங்கில் குழாய் தொங்கியது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டது செவந்தி.

"பால் வத்திப்போச்சுன்னேன். 'ஐயையோ, உடம்புக்கு என்ன? நல்லாத் தேன் குடி, ஊறிடும்'னு சொல்லி இதைக் கட்டி அனுப்பிட்டா." "அது மட்டுமில்லே. பால் இல்லாட்டி என்ன, மிச்சத் தேன் மொத்தத்தையும் ஊத்திப் பாகாவே இறுக்கிடறேன்னு அடுப்பைப் பத்தவச்சுட்டா!"

செவந்தி அதற்குமேல் நிற்கவில்லை. கிளைக்குக் கிளை பாய்ந்தது.

குகை வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று கூடை புதினா தயாராக இருந்தது. சடையம்மா முதல் குழாயைத் தூக்கிச் சட்டியின் மேலே சாய்க்கப் போனது. செவந்தி குதித்து அந்தக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"அக்கா, ஊத்தாதீங்க!"

"எந்திரிடி! வாலை நெருப்புல விட்டுடுவே!"

"அக்கா, உங்க பர்பியை யாரும் சாப்பிடலே."

"இன்னும் செய்யவே இல்லையே, எப்படிச் சாப்பிடுவாங்க?"

"போன வருஷம் சாப்பிடலே. அதுக்கு முந்தின வருஷமும் சாப்பிடலே. அதுக்கும் முந்தின வருஷமும்."

சடையம்மாவின் கை அப்படியே நின்றது.

"கண்ணுல தண்ணி வந்துச்சே?"

"காரம், அக்கா. புதினாக் காரம்."

"ஈட்டிமுத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துச்சே?"

"அதுவும் காரம்தான்."

"நீகூட ரெண்டு தரம் ஆஹான்னியே?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டது. "முதல் ஆஹா வாய் எரிஞ்சு வந்தது. ரெண்டாவது பொய்."

"மிச்சத்தையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"குட்டையில போட்டோம்."

சடையம்மா குழாயைக் கீழே வைத்தது. அடுப்பில் மண்ணைத் தள்ளி அணைத்தது. குகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"போயிடு, செவந்தி," என்றது.

செவந்தி போகவில்லை. உள்ளே போகவும் துணிவில்லை. வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்தது. வெயில் ஏறியது. வெயில் சாய்ந்தது. புதினா இலைகள் வாடத் தொடங்கின.

ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னும் அங்கதான் இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"ஒண்ணு சொல்வேன். காடு பூராச் சொல்லிட்டுத் திரிவியா?"

"மாட்டேன்."

"எனக்கு மோப்பம் இல்லடி. தேனீ கொட்டினதிலேர்ந்து இல்லே. எனக்குப் பூவும் ஒண்ணுதான், புலியும் ஒண்ணுதான். எந்தப் புத்துல கரையான் இருக்கு, எது காலி, ஒண்ணும் தெரியலே. மூணு வருஷமா இந்தத் தேனை வச்சுத்தான் வயித்தை ஓட்டுறேன்."

"அந்தத் தேனையா எங்களுக்கு..." செவந்தியால் முடிக்க முடியவில்லை.

"நீங்க அழுதுக்கிட்டே சாப்பிட்டீங்களே! என்னால இந்தக் காட்டுக்கு இன்னும் ஏதோ ஒண்ணு ஆகுதுன்னு நெனச்சேன்."

செவந்தி குகைக்குள் ஓடியது. சடையம்மாவின் மடியில் ஏறி, முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது. "ஏன்க்கா எங்ககிட்டச் சொல்லலே?"

"நீங்க ஏன்டி என்கிட்டச் சொல்லலே?"

சடையம்மா அதன் முதுகைத் தடவிக் கொடுத்தது.

சடையம்மா மூச்சை இழுத்து விட்டது. "சரி, இறங்கு. எவ்வளவு புதினா போடணும்னு இப்பவாச்சும் சொல்லு."

"முதல்ல நீங்க ஒரு குழாய் தேனைக் குடிங்க. அப்புறம் சொல்றேன்."

"அதிகாரத்தைப் பாரு!" என்றது சடையம்மா. ஆனால் குடித்தது. ஒன்றைக் குடித்த பிறகு இன்னொன்றையும் குடித்தது. அவ்வளவு பசி.

அப்போது வெளியே இருமல் சத்தம் கேட்டது. கொம்பாயி நின்றுகொண்டிருந்தது. கொம்பில் அந்தக் குழாய் திறக்காமல் அப்படியே தொங்கியது.

"சடையம்மா, எனக்குப் பால் வத்தலே. பொய் சொல்லிட்டேன்."

சடையம்மா அதை மேலும் கீழும் பார்த்தது. "இந்தக் காட்டுல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் பொய்க்குப் பஞ்சம் வராது போலிருக்கே!" என்று சொல்லிச் சிரித்துவிட்டது. சிரித்ததும்தான் கொம்பாயிக்கு உயிர் வந்தது.

மறுபடி அடுப்பு எரிந்தது. ஒரே ஒரு சட்டி. ஒரே ஒரு குழாய்த் தேன். சடையம்மா கிண்டியது. செவந்தி சட்டியோரத்தில் நின்று முகர்ந்தது.

"ஒரு இலை. இன்னொண்ணு. இன்னும் ரெண்டு. ம்... ஏழு. போதும்!"

"ஏழு கூடையா?"

"ஏழு இலை, அக்கா!"

"ஏழே ஏழு இலையா?" சடையம்மா வாயில் கை வைத்துக்கொண்டது. "அடப்பாவிகளா, மூணு வருஷமா எப்படிடா உயிரோட இருந்தீங்க!"

திருநாளன்று எல்லோரும் குகை வாசலில் கூடினார்கள். ஆளுக்கு ஒரு வில்லைதான், நெல்லிக்காய் அளவு. யாரும் வாயில் போடுவதற்கு முன்னால் சடையம்மா எழுந்து நின்றது. யாரும் கேட்காமலேயே தன் மூக்கின் கதையைச் சொன்னது.

"அதனால இன்னிக்கு எனக்கு நல்ல வார்த்தை வேண்டாம். உள்ள வார்த்தை போதும். சாப்பிட்டுச் சொல்லுங்க," என்று முடித்தது.

ஈட்டிமுத்து வில்லையை வாயில் போட்டது. மெதுவாகச் சுவைத்தது. எல்லோரும் அதன் முட்களையே பார்த்தார்கள். ஒரு முள்கூட அசையவில்லை.

"சொல்லு தம்பி," என்றது சடையம்மா.

"அது வந்து... ஓரத்துல லேசாத் தீஞ்ச வாசனை அடிக்குது, அக்கா."

செவந்தி வாலால் கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் சடையம்மாவின் முகம் மலர்ந்தது. மூன்று வருடமாக யாரும் அதனிடம் ஒரு குறையும் சொன்னதில்லை.

"எந்த ஓரம்? அடியா, பக்கமா?" என்று ஆவலாகக் குனிந்து கேட்டது.

"அடியில. ஆனா இன்னொண்ணு குடுத்தீங்கன்னா அதையும் சாப்பிடுவேன்!" என்ற ஈட்டிமுத்து, அப்புறம் தயங்கித் தயங்கிச் சேர்த்துக்கொண்டது. "நாளையிலேர்ந்து கரையான் தேடப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க. எனக்கு மூக்கு நல்லாவே இருக்கு. சும்மாதான் கிடக்கு."

சடையம்மா தன் பங்கு வில்லையை எடுத்து அதன் கையில் வைத்தது.

பிரியமானவர் மனம் நோகுமென்று நாம் மறைக்கிற உண்மை, சொன்னால் ஒரு நாள் வலிக்கும். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு நாளும் அவரைத் தேய்க்கும்.