செய்திமடலின் பின்பக்கம்

“ஒருத்தரும் படிக்கறதில்லம்மா” என்றார் தணிகாசலம்.

பிலோமினா தள்ளுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எதை சார்?”

“நம்ம செய்திமடலை.”

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. பல்கலைக்கழக நூலகத்தின் துணை நூலகர். பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் உண்டு. குருவுக்கு அவரைவிடப் பதினாலு வயது குறைவு. மாணவர்கள் மேசையில் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்களைத் திரும்ப அந்தந்த அலமாரியில் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. தான் குரு என்பது அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

தணிகாசலம் வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தென்கோடிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த முதல் மாதமே செய்திமடலை ஆரம்பித்துவிட்டார். நூலகத்தில் என்னென்ன வசதி இருக்கிறது, என்ன புதிதாக வந்திருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். ‘மாணவக் கண்மணிகளே’ என்று தொடங்குவார். ஒவ்வொரு வரியையும் வீட்டில் உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதுவார்.

மாதம் பிறந்தால் ஐந்நூறு தாள் அச்சாகி வரும். வாசல் மேசையில் அடுக்கி வைப்பார். மாதக் கடைசியில் பார்த்தால் நானூற்றுத் தொண்ணூறு அப்படியே இருக்கும்.

குறைந்த பத்தும் படிப்பதற்காகப் போனவை அல்ல. ஒன்றை மடித்து விசிறியாக்கி, ஒருவன் அவர் கண் முன்னாலேயே வீசிக்கொண்டிருந்தான். இன்னொன்று கேன்டீனில் ஓர் உளுந்துவடைக்கு அடியில் இருந்தது. மனுஷன் அன்றைக்கு டீ குடிக்காமலே திரும்பிவிட்டார்.

“ஒரு பக்கம் போதலன்னு நினைக்கறேன்” என்றார் பிலோமினாவிடம். “தாளோட பின்பக்கம் சும்மாதானே கிடக்கு. அதுலயும் அச்சடிச்சா என்ன?”

பிலோமினா அப்போதுதான் நிமிர்ந்தார்.

“பின்பக்கத்த மட்டும் விட்டுருங்க சார்.”

“ஏன்?”

வண்டி கீச்சுக் கீச்சென்று அலமாரிகளுக்குள் போய்விட்டது.

*

செய்திமடலில் அவர் பெருமையோடு அறிவித்த சேவைகளில் ஒன்று ‘உதவி மேசை’. தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை அதில் அவரே உட்காருவார். மாணவர்கள் வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

எட்டு மாதத்தில் ஒரே ஒருத்திதான் வந்திருந்தாள். அவளும் செய்திமடலைப் பார்த்து வரவில்லை. கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்தவள், அப்படியே புத்தகத்தையும் கேட்டுவிட்டாள்.

ஆஷிகா பர்வீன். உயிர்வேதியியல், முதுகலை இரண்டாம் ஆண்டு.

அவள் கேட்டது பச்சை அட்டை போட்ட புள்ளியியல் புத்தகம். நூலகத்திலேயே ஒரு பிரதிதான். வீட்டுக்குக் கொடுப்பதில்லை, உள்ளேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர், புத்தகம் அலமாரியில் இருப்பதாகச் சொன்னது. அலமாரியில் ஒரு சந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கேட்டாள். தணிகாசலம் நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டார். சனிக்கிழமை கேட்டாள். அதற்கும் ஒரு வரிசை எண் விழுந்தது.

திங்கட்கிழமை வந்தவள் கேட்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே கண் நிறைந்துவிட்டது.

“வியாழக்கிழமை பரீட்சை சார். இந்தப் பேப்பர்ல போன தடவையே போயிருச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல நிறுத்திருவாங்க.”

தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. கேமரா அறைக்குப் போனார். சனிக்கிழமைப் பதிவை ஓட்டிப் பார்த்தார்.

நீலச்சட்டைப் பையன் ஒருவன் பச்சைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்பத்தொன்றாவது அலமாரிப் பக்கம் போனான். திரும்பி வரும்போது கையை வீசிக்கொண்டு வந்தான்.

வாசல் பதிவேட்டில் பெயரும் கிடைத்தது. இசக்கிராஜ். விலங்கியல்.

*

“பிடிச்சுட்டேன்!” என்றார் தணிகாசலம்.

“யார சார்?”

“பச்சைப் புத்தகத்தை ஒளிச்சு வச்சவனை. நாப்பத்தொண்ணுக்குக் கொண்டுபோயிருக்கான்.”

“ஆமா சார். எழுபத்திநாலு வருசத்து விவசாய அறிக்கைக்குப் பின்னால கெடக்கு.”

நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒளிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது தணிகாசலத்துக்கும் தெரியும். அந்த அறிக்கைகளைக் கரப்பான்பூச்சிகூடத் தொட்டதில்லை.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“ஒரு வாரமா.”

“ஏம்மா எடுத்து அலமாரியில வைக்கல?”

“எடுத்து வச்சா வேற எடத்துல ஒளிப்பான் சார். அது எனக்குத் தெரியாமப் போயிரும்.”

“என்னம்மா பேசறீங்க! தப்பு பண்ணவனை...”

“பெட்ரோல் பங்க்ல வேல பாக்கான் சார். நாலு மணிக்குத்தான் விடுதாங்க. அதுக்குள்ள வேற யாரும் புத்தகத்த எடுத்துருவாங்கன்னு பயம்.”

“அவனே சொன்னானா?”

“தெனம் நாலரைக்குத்தான் வாரான். புத்தகத்துல பெட்ரோல் வாசம் அடிக்கு.”

தணிகாசலம் குரலை உயர்த்தினார். “அங்க ஒரு பொண்ணு மூணு நாளா அந்தப் புத்தகத்துக்காக அழுதுகிட்டிருக்கா.”

பிலோமினாவின் கை நின்றது.

“எந்தப் பொண்ணு?”

“ஆஷிகா. உதவி மேசைக்கு வந்து கேட்டா.”

“நீங்க என்ன செஞ்சீங்க சார்?”

“நோட்டுல எழுதிக்கிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சார்” என்றார் பிலோமினா.

குரலில் குற்றம் எதுவும் இல்லை. அதுதான் தணிகாசலத்தை அதிகம் சுட்டது.

பிலோமினா நேரே ஆஷிகாவிடம் போனார். “எத்தன மணி வரைக்கும் இருப்ப தாயி?”

“நாலு மணி பஸ்ஸு அக்கா. அதை விட்டா எங்க ஊருக்கு வண்டி கிடையாது.”

ஐந்தே நிமிடத்தில் பச்சைப் புத்தகம் அவள் மேசைக்கு வந்துவிட்டது. அவள் அதைத் திறக்காமல் சற்று நேரம் கையை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நாலு மணிக்கு எங்கையில தந்துட்டுப் போ” என்றார் பிலோமினா.

*

மத்தியானம் தணிகாசலம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்.

‘நூலகப் புத்தகத்தை மறைத்து வைத்த விலங்கியல் மாணவர் இசக்கிராஜின் நூலக அட்டை, இந்தப் பருவம் முழுவதற்கும் முடக்கப்படுகிறது.’

செய்திமடலின் பின்பக்கத்துக்கு இது. கொட்டை எழுத்தில். அட்டையை முடக்கும் உத்தரவையும் கையோடு தயார் செய்தார். நாளைக் காலையில் கையெழுத்துப் போட்டால் பையன் வாசலோடு சரி. அவனுக்கும் வியாழக்கிழமை அதே பரீட்சைதான். அதைத் தலைவிதியை நம்பி எழுத வேண்டியதுதான்.

இந்தப் பக்கத்தை ஐந்நூறு பேரும் படிப்பார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. நல்ல மனுஷன்தான், ஆனாலும் எட்டு மாதத்து ஏக்கம் யாரையும் கொஞ்சம் கெடுத்துவிடும்.

பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நின்றபடியே முழுவதும் படித்தார்.

“எழுத்து நல்லாருக்கு சார்.”

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பின்பக்கத்த விட்டுருங்கன்னு சொன்னேனே” என்று சொல்லிவிட்டு பிலோமினா போய்விட்டார்.

*

நாலு மணிக்கு ஆஷிகா புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிலோமினா அதை அதன் அலமாரிக்குக் கொண்டுபோகவில்லை. நாற்பத்தொன்றுக்குப் போனார். பின்னாலேயே போன தணிகாசலம் கண்ணால் பார்த்ததை நம்பவில்லை. அந்த அம்மா விவசாய அறிக்கைகளை நகர்த்தி, பச்சைப் புத்தகத்தைப் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டிருந்தார்.

“ஒளிச்சு வச்ச இடத்துலயே திரும்ப வைக்கறீங்களே!”

“வேற எங்க வச்சாலும் அவன் எப்படி சார் கண்டுபிடிப்பான்?”

நாலரைக்கு இசக்கிராஜ் வந்தான். தணிகாசலம் முப்பத்தொன்பதாவது அலமாரியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். துணை நூலகர் ஒருவர் தன் நூலகத்திலேயே ஒளிந்து நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பையன் கையை உள்ளே விட்டுப் புத்தகத்தை எடுத்தான். திறந்தான். உள்ளே ஏதோ சீட்டு இருந்தது.

அதைப் படித்தான். தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். இரண்டு கையையும் பேன்ட்டில் அழுந்தத் துடைத்துக்கொண்டான். பிறகு அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தான்.

தணிகாசலம் சத்தம் காட்டாமல் வெளியே வந்தார்.

*

செவ்வாய்க்கிழமை, பிலோமினா வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். நேரே நாற்பத்தொன்று. புத்தகம் அதே இடத்தில் இருந்தது. சீட்டும் இருந்தது.

உள்ளங்கை அகலத் தாள். மேல்பாதியில் பிலோமினாவின் குண்டு எழுத்து.

‘தம்பி, இந்தப் புத்தகத்தை ஆஷிகாங்கிற பிள்ளையும் தேடுது. அவளுக்கும் வியாழக்கிழமைதான் பரீட்சை. பகல் நாலு மணி வரைக்கும் அவ படிக்கட்டும். அப்புறம் உனக்கு. வேற யாருக்கும் போகாம நான் பார்த்துக்கிடுதேன்.’

கீழே பென்சிலில் பதில்.

‘சாரிக்கா. எனக்குத் தெரியாது. 112ஆம் பக்கத்துக் கணக்குக்கு விடை தப்பாக அச்சாகியிருக்கிறது. சரியான விடையைத் தனியாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவங்களிடம் கொடுத்துவிடுங்கள். நானும் அதில் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.’

அதற்கும் கீழே, ‘பின்னாடி பார்க்கவும்.’

தணிகாசலம் சீட்டைத் திருப்பினார்.

அந்தப் பக்கம் அச்சு எழுத்து. மேலே பாதி வெட்டுப்பட்ட தலைப்பு. ‘கண்மணிகளே!’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

மிச்சமாகும் தாள்களை மாதாமாதம் அவர்தான் பிலோமினாவிடம் கொடுத்து, எங்கேயாவது போட்டுவிடச் சொல்வார். அந்த அம்மா எங்கே போட்டுவந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அச்சு வரிகளில் ஒன்றின் கீழ் பென்சில் கோடு ஓடியது. ‘கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்கள் உதவி மேசையில் கேட்டால் கிடைக்கும்.’

பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி. ‘இது நிஜமா அக்கா? யாரிடம் கேட்க வேண்டும்?’

தணிகாசலம் அதை மூன்று முறை படித்தார். எட்டு மாதத்தில் அவர் எழுதிய ஒரு வரியைப் படித்து, அடிக்கோடு போட்டு, நிஜமா என்று கேட்டிருக்கிறான் ஒருவன். அவர் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவருடைய முதல் வாசகன். அவன் அட்டையை முடக்கும் உத்தரவு, கையெழுத்துக்காக அவர் மேசையில் காத்துக்கொண்டிருந்தது.

அறைக்குப் போனார். உத்தரவை இரண்டாகக் கிழித்தார். கொட்டை எழுத்து அறிவிப்பையும் சேர்த்துக் கிழித்தார். பீரோவைத் திறந்து ஐந்து வருஷத்துப் புள்ளியியல் வினாத்தாள்களை எடுத்து இரண்டு செட் நகல் போட்டார்.

பிறகு பழைய செய்திமடல் ஒன்றை எடுத்தார். அளவுகோல் வைத்து நேராக வெட்டி, பின்பக்கத்தில் எழுதினார்.

‘நிஜம்தான் தம்பி. ஐந்து வருஷத்துத் தாளும் இத்துடன் இருக்கிறது. ஆஷிகாவுக்கு ஒரு செட் தனியாகக் கொடுத்துவிடுகிறேன். 112ஆம் பக்கத்தைச் சொன்னதற்கு நன்றி.’

கையெழுத்துப் போடும் இடத்தில் ‘முனைவர்’ என்று எழுத ஆரம்பித்தார். அதை அடித்துவிட்டு, ‘உதவி மேசையில் உட்கார்ந்திருப்பவர்’ என்று எழுதினார்.

சாயங்காலம் ஆஷிகா போனதும் புத்தகத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். நாற்பத்தொன்றில் குனிந்து, தோள் வரைக்கும் கையை விட்டு, புத்தகத்தையும் வினாத்தாள் கட்டையும் விவசாய அறிக்கைகளுக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தபோது வண்டிச் சக்கரம் கீச்சிட்டது.

பிலோமினா எட்டிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க சார்” என்றார். “வெளிய தெரியுது.”

*

புதன்கிழமை அச்சகத்திலிருந்து போன் வந்தது.

“சார், முன்பக்கம் ரெடி. பின்பக்கத்துக்கு ஏதோ அறிவிப்பு வருதுன்னீங்களே, வரலையே. காலியாவா விடணும்?”

“ஆமாம்பா” என்றார் தணிகாசலம். “செய்தி அங்கதான் வரும்.”