புது வண்டியின் பிரேக்

சீடன் என்றால் மொட்டையடித்த இளைஞன், குரு என்றால் தாடி வைத்த கிழவர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தக் கதை உங்களுக்குச் சரிப்பட்டு வராது. இந்தச் சீடருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. சங்கரன்கோவிலில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருமலைக்கொழுந்து அண்ணாச்சி. குருவுக்கு அண்ணாச்சியின் மகள் வயதுதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ரெஜினா டீச்சர்.

டீச்சர் வாயைத் திறக்கமாட்டார். அண்ணாச்சி வாயை மூடமாட்டார். பொருத்தம் அப்படி அமைந்துவிட்டது.

அண்ணாச்சி பவிசுக்காகக் கார் வாங்கவில்லை. அவர் மகள் வடிவுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தவள். மறுபடியும் உண்டானபோது அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தடவை திரும்பி வரும்போது வாடகைக் காரில் ஏறமாட்டேன், நம்ம வண்டியில் நீங்களே ஓட்டி என்னைக் கூட்டிட்டு வாங்க என்றாள். மாப்பிள்ளை துபாயில். அண்ணாச்சி சரி என்று தலையாட்டிவிட்டார். மறுநாளே டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் இளவட்டத்தில் எடுத்தது. எடுத்ததோடு சரி.

வண்டி வந்தது. கோமதி அம்மன் கோவில் வாசலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். சாவியைக் கொடுத்த ஷோரூம் தம்பி, புது வண்டியை எப்படிப் பழக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை இன்ஜினை அலறவிடக் கூடாது. ஒரே வேகத்தில் வெகுநேரம் இழுக்கக் கூடாது. பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, மெல்ல மெல்ல மிதித்தால்தான் அது நன்றாகப் படியும். இதை அண்ணாச்சி தேவாரம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பாத்திர வியாபாரத்தில் நெளிவு என்றால் போச்சு. கை தவறிக் கீழே விழுந்த குடம் அப்புறம் குடம் இல்லை, எடைக்குப் போடுகிற தகரம். சீர்வரிசை எடுக்க வருகிறவர்கள் ஒவ்வொரு சாமானையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு முன்னாலேயே பார்த்துப் பழகிய கண் அண்ணாச்சிக்கு. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியதும் குனிந்து குனிந்து சுற்றி வருவார். அவர் மனைவி ஆவுடையம்மாள், சங்கரலிங்க சாமியைக்கூட நீங்க இத்தனை தடவை சுத்தினதில்லை என்று கேலி பண்ணுவாள். சீட்டுக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவும் அவர் விடவில்லை. அதில் உட்கார்ந்தால் முதுகு வேர்த்து ஒட்டும். ஒட்டினால் ஒட்டட்டும் என்றார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் டீச்சர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில் அண்ணாச்சி சுமாராக ஓட்டினார். சொந்த வண்டியில் அது கிடையாது. முதல் நாள் அதில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், வண்டிக்கு ஒண்ணும் ஆகாம ஓட்டுதது எப்படி?"

"பெல்ட்டைப் போடுங்க."

மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று அண்ணாச்சி காத்திருந்து பார்த்துவிட்டு, பெல்ட்டைப் போட்டார்.

மறுநாளும் கேட்டார்.

"வண்டி எப்ப டீச்சர் பழகும்?"

"ரோட்டைப் பாருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி எங்கே ரோட்டைப் பார்த்தார்? ஒரு கண் வேகம் காட்டுகிற முள் மேல். ஒரு கண் பானெட்டின் இடது ஓரத்தில். பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்தால் உரசிவிடுவான் என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு பழக்கடைத் தள்ளுவண்டியைத் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிடும். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஆவுடையம்மாள் பயந்துபோய், பேசாமல் டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்வோமா என்று கேட்டாள். வடிவுக்குச் சொன்ன சொல் என்னத்துக்கு ஆகும் என்று கத்தினார். கத்திவிட்டு அவரே அழுதார்.

இதற்குள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம், சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்று செய்தி வந்தது. அண்ணாச்சி கடையில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் அது நடந்தது.

புளியங்குடி ரோட்டில் ஒரு பாலம் வரும். பாலத்துக்குப் பக்கத்தில் வயக்காட்டுப் பாதை மேலேறி ரோட்டில் சேரும். அதில் ஒரு பெரியவர் கேரியரில் புல்லுக்கட்டு வைத்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கட்டு உயரம், பின்னால் வருவது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் டீச்சரோடு புது வண்டியை ஓட்டி வந்த அண்ணாச்சி அவரை நன்றாகப் பார்த்தார். பார்த்து, காலை பிரேக்கில் வைத்தார். வண்டி குறைந்தது, நிற்கவில்லை. பெரியவர் ரோட்டின் நடுவுக்கு வந்துவிட்டார். டீச்சர் மிதிங்க என்றார். அண்ணாச்சி கால் அதே அளவில் இருந்தது. டீச்சர் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். பின்சக்கரம் தேய்ந்து, வண்டி ஒருச்சாய்ந்து நின்றது. பம்பர் புல்லுக்கட்டை மட்டும் இடித்தது. பெரியவரும் சைக்கிளும் சாய்ந்தார்கள்.

அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். டீச்சர் இறங்கி ஓடித் தூக்கிவிட்டார். பெரியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூட்டம் இல்லை, சண்டை இல்லை. அவர் எழுந்து வேட்டியை உதறினார். காரைப் பார்த்தார். புது வண்டியா என்று கேட்டார். பம்பரில் ஒட்டியிருந்த புல்லின் பச்சைக் கறையைத் தன் துண்டால் தேய்த்துத் துடைத்தார்.

"பெயிண்டு போகல. கவலைப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு, சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனார்.

வைது தொலைத்திருக்கலாம் அந்த மனுசன். ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணாச்சிக்கு ஆறியிருக்கும்.

டீச்சர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஏன் மிதிக்கல?"

"மிதிச்சேன் டீச்சர்."

"மெல்ல மிதிச்சீங்க."

"புது பிரேக்லா. ஓங்கி மிதிக்கக் கூடாதுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் தன் குரல் தன் காதில் விழுந்தது. அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கலாம் என்றும் ஷோரூம் தம்பி சொல்லத்தான் செய்தான், அது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை என்றார். டீச்சர் அவரை இறங்கச் சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்.

அதற்கப்புறம் அண்ணாச்சி வண்டிப் பக்கமே போகவில்லை. உறை போட்டு மூடிவிட்டார். நான் ஓட்டமாட்டேன், வடிவு என்ன நினைத்தாலும் சரி, ஒரு உசிரைக் கொல்லப் பார்த்தவன் கையில் பச்சைப்பிள்ளையைக் கொடுக்கலாமா என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வடிவு கூப்பிட்டாள். நாளைக்கு அனுப்புகிறார்களாம், எத்தனை மணிக்கு வருவீங்க அப்பா என்று கேட்டாள். அண்ணாச்சி போனை ஆவுடையம்மாள் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். ஆவுடையம்மாள் மகளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, நேரே டீச்சருக்குப் போன் போட்டாள்.

டீச்சர் வந்தார்.

"எனக்குப் பயம் போகாது டீச்சர். நீங்க வேற ஆளைப் பாருங்க."

"சாவி எங்க?"

வண்டியின் மேலுறையைக் கழற்றி, அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, டீச்சர் ஊருக்கு மேற்கே ஓட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரிய கண்மாய், மழை பொய்த்துக் காய்ந்து கிடந்தது. ஆள் நடமாட்டம் கிடையாது. தரை களிமண் இறுகிக் கெட்டியாக இருந்தது. டீச்சர் வண்டியை நிறுத்தி, அண்ணாச்சியை ஓட்டுகிற சீட்டுக்கு மாறச் சொன்னார். அவர் மாட்டேன் மாட்டேன் என்றபடியே மாறினார்.

பின்சீட்டில் ஆவுடையம்மாள் மறுநாளைக்கு வேண்டிய சாமானை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். மேலாக ஒரு குழந்தைப் படுக்கை இருந்தது. குடை மாதிரி விரிகிற கொசுவலை, உள்ளே சின்ன மெத்தை, கடுகளவு தலையணை. டீச்சர் அதை எடுத்தார். கண்மாய்க்குள் வெகுதூரம் நடந்துபோய், நட்டநடுவில் தரையில் வைத்து, வலையை விரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"புதுசு டீச்சர் அது. மண்ணாகிரும்."

"ஆகட்டும். அதைப் பாத்து வேகமா போங்க. நான் சொன்னதும் நிறுத்துங்க."

வலை வெயிலில் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. வெறும் துணியும் கம்பியும்தான் என்று புத்திக்குத் தெரிகிறது. உடம்பு கேட்க வேண்டுமே. கொஞ்சம் நகர்ந்து நிறுத்தினார். டீச்சர் மறுபடி பின்னால் எடுக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான். மூன்றாந்தடவை டீச்சர் கியரைக் காட்டி, மாத்துங்க, இன்னும் மாத்துங்க என்றார். வண்டி ஓடியது. இன்ஜின் அலறியது. ரோஸ் வலை பெரிசாகிக்கொண்டே வந்தது.

"இப்ப."

அண்ணாச்சி மிதித்தார். இருந்த பலத்தை எல்லாம் காலில் இறக்கி மிதித்தார். பிரேக் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. பெல்ட் நெஞ்சை இறுக்கியது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தார், தண்ணி பாட்டில் உருண்டது, சீட்டின் பிளாஸ்டிக் உறை பட்டென்று கிழிந்தது. வண்டி நின்றுவிட்டது. முன்னால் புழுதி மட்டும் எழும்பி நின்றது.

அண்ணாச்சி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். படுக்கைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டியையே நிறுத்தலாம், அவ்வளவு இடம் இருந்தது. அவர் படுக்கையை வலையோடு வாரி எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, பிள்ளை உள்ளே இருக்கிற மாதிரியே தட்டிக் கொடுத்தார். பம்பரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சர் இன்னும் நாலைந்து தடவை அதே மாதிரி நிறுத்த வைத்தார். கடைசித் தடவை டீச்சர் சொல்லாமலே அண்ணாச்சி கியரை மாற்றினார். முகத்தில் வியர்வையும் புழுதியும் சேர்ந்து அப்பியிருந்தது. பல நாளைக்கு அப்புறம் சிரித்தார்.

"நாளைக்கு நீங்க பக்கத்துல வருதீங்களா டீச்சர்?"

"வரல. நீங்கதான் ஓட்டுதீங்க."

அண்ணாச்சி படுக்கையில் இருந்த மண்ணைத் தட்டினார். தட்டிக்கொண்டே யோசித்தார்.

"சரி டீச்சர். ரோட்டுல எம் பேத்தி எதிர்ல படுத்துக் கிடக்குதுன்னு நெனச்சுக்கிடுதேன். கால் தன்னால மிதிச்சிரும்."

டீச்சர் அவர் கையிலிருந்து படுக்கையை வாங்கினார். பின்கதவைத் திறந்து, சீட்டில் வைத்து, வலையைச் சுருக்கினார்.

"உங்க பேத்தி எதிர்ல இருக்கமாட்டா அண்ணாச்சி. பின்னால இருப்பா. எதிர்ல வாரதெல்லாம் வேற யாரோ வெறுங்கையோட காத்துக் கெடந்து பெத்த பிள்ளைங்க. புல்லுக்கட்டு கொண்டு வந்தாரே, அவரும்தான்."