கழுவி வைத்த சிந்தசைசர்

வடபழனியில் பழைய சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் எஸ்தர் யாரையும் சீடராகச் சேர்த்துக்கொண்டதில்லை. பல் மருத்துவர் அறவாழி தானாக வந்து ஒட்டிக்கொண்டவர். வயதில் எஸ்தரைவிட நிறைய மூத்தவர், ஆனாலும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய சிந்தசைசர்களை வாங்கி அடுக்கி, அவற்றுக்கு ஏசி போட்டிருந்தார். மாமியார் அறையில் மின்விசிறிதான்.

ஒரு நாள் அவர் ஒரு சிந்தசைசரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"மாஸ்டர், இதுல முன்னாடி இருந்த சவுண்டைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

அது சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்த லூர்துசாமியின் வாத்தியம். அந்தக் காலத்து வாத்தியங்களில் ஓர் ஒலியைச் சேமித்து வைக்க வழி கிடையாது. முகப்பில் இருக்கும் நாப்கள் என்ற திருகு குமிழ்கள் எங்கெங்கே திரும்பி நிற்கின்றனவோ, அதுதான் ஒலி. நகர்த்திவிட்டால் போயிற்று.

"என்ன பண்ணுனீங்க டாக்டர்?"

"நாப் எல்லாத்தையும் கழட்டி சோப்புத் தண்ணில கழுவுனேன். ஒரே தூசி மாஸ்டர். அப்புறம் எல்லாத்தையும் ஜீரோவுல வச்சு மாட்டிட்டேன்."

அதை அவர் லூர்துசாமியின் மனைவி செசிலியிடமிருந்து வாங்கியிருந்தார். கணவர் இறந்த பிறகு அந்த அம்மாள் மகனுடைய சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபோனார். அங்கே இதை வைக்க இடமில்லை. "எப்பவாவது வந்து ஒரு கட்டையை அழுத்திக் கேட்டுட்டுப் போறேன் தம்பி" என்று மட்டும் சொல்லியிருந்தார். தாராளமாக வாங்க என்று அறவாழியும் சொல்லியிருந்தார். இப்போது அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் செய்திருக்கிறார்.

"கடைசி மாசம் முழுக்க அவர் அந்த ஒரு சவுண்டைத் தேடிக்கிட்டேதான் உக்காந்திருந்தாராம். ஒரு நாள் 'வந்துடுச்சு செசிலி'ன்னு சொன்னாராம். அதுக்கப்புறம் யாரையும் நாப் மேல கை வைக்க விடலையாம். துணி போட்டுத் துடைக்கக்கூட விடலையாம்." என்றார் அறவாழி.

"கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா?"

"நிறைய எடுத்தேன். பின்னாடி சீரியல் நம்பர், அடிப்பக்கம், உள்ள இருக்கிற போர்டு, மரத்துல இருந்த கீறல்..."

"முன்பக்கம்?"

"தூசியா இருந்துச்சு. கழுவிட்டு எடுத்தேன். சிந்தசைசர் வாட்ஸ்அப் குரூப்புல எல்லாரும் புதுசு மாதிரி இருக்குன்னாங்க."

எஸ்தர் பளபளக்கும் ஒரு நாபை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி, அந்த சவுண்டு எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"நான் கேக்கலை மாஸ்டர். கெப்பாசிட்டரைச் சோதிக்காம பழைய மெஷினை ஆன் பண்ணக் கூடாது, உள்ள புகைஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அந்தம்மா வித்த அன்னைக்குக் காலை வரைக்கும் கேட்டுட்டுத்தானே குடுத்தாங்க?"

"ஆமா."

தான் சொல்லிக்கொடுத்ததில் இந்த மனிதர் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாரே என்று எஸ்தருக்கு எரிச்சல் வந்தது. பிளக்கைச் செருகினார். லூர்துசாமி வாசித்து அவர் கேட்டதுண்டு. அந்த ஞாபகத்தில் நாப்களை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே வந்து ஒரு கட்டையை அழுத்தினார். கனத்த, லேசாக நடுங்குகிற ஒலி ஒன்று எழுந்தது.

அறவாழியின் முகத்தில் உயிர் வந்தது. "இது போதும் மாஸ்டர். அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

எஸ்தர் எல்லா நாப்களையும் திரும்ப ஜீரோவுக்குக் கொண்டுபோனார்.

"அவர் அதைத் தேடிக்கிட்டிருந்த மாசம் முழுக்க அவங்க அதே வீட்டுல இருந்து கேட்டிருக்காங்க, டாக்டர்."

"பின்ன நான் என்னதான் சொல்றது?"

"கழுவிட்டேன்னு சொல்லுங்க."

அறவாழி நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன் சேகரிப்பின் மேல் அருவருப்பு வந்தது.

"எனக்குக் காசே வேணாம் மாஸ்டர். ஞாயித்துக்கிழமை அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுறேன்."

எஸ்தர் பிளக்கைப் பிடுங்கினார்.

"எதை?"