எதுவும் ஒட்டாத சுவர்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்குத் தம் கொலுமண்டபத்தின் கிழக்குச் சுவர் திடீரென்று பிடிக்காமல் போய்விட்டது. வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன்னால் உட்கார்ந்து நாடாள்வது தமக்கு அழகில்லை என்றார்.

அவ்வளவுதான், சபை இரண்டுபட்டது. வர்ணம் பூசினால்தான் கம்பீரம் என்றார் அலங்கார அதிகாரி மாதவராயர். கப்பலில் வந்திறங்கிய பூப்போட்ட காகிதத்தைப் பசை தடவி ஒட்டினால் மண்டபமே நந்தவனமாகிவிடும் என்றார் துறைமுக அதிகாரி தில்லைவிடங்கர். தாம் சொன்னது நிற்காமல் உதிர்ந்தால் பழியைத் தம் தலையில் போடலாம் என்று இருவருமே மார்தட்டினார்கள்.

முதலில் மாதுளம்பூ நிறத்தில் வர்ணம் பூசினார்கள். இருபது நாள் ஜொலித்தது. பிறகு கொப்புளம் கொப்புளமாக எழும்பிச் செதில்செதிலாக உதிர்ந்தது. அதைச் சுரண்டிவிட்டுக் காகிதம் ஒட்டினார்கள். பத்தாம் நாள் அச்சடித்த பூக்களின் மேல் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. பதினைந்தாம் நாள், அயல்நாட்டுத் தூதர் குனிந்து வணங்கிய நேரம் பார்த்து, மொத்தக் காகிதமும் பிரிந்து அவர் முதுகில் பாய் விரித்தாற்போல் விழுந்தது.

மன்னருக்குக் கோபம் பொங்கியது. யார் பொறுப்பு என்று கேட்டார். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அதிகாரிகளும் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். இருவரும் கைகாட்டியது சடைச்சியை. அரண்மனைக்குச் சுண்ணாம்பு பூசுகிறவள் அவள். பழைய பூச்சைச் சுரண்டும்போதே, இந்தச் சுவரில் எதுவும் ஒட்டாது என்று சொல்லியிருந்தாள். அதையே, அரண்மனையில் செல்வம் ஒட்டாது என்று சாபமிட்டாள் என்பதாகத் திரித்துச் சொன்னார்கள். விசாரணை கிடையாது. சடைச்சியைச் சிறையில் தள்ளிவிட்டார்கள்.

சபையின் விகடன் கொழுந்தப்பன் அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வந்ததும் சேதியைக் கேட்டான். சுவர் வேலை செய்கிறவள் சுவரைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அதற்குச் சிறையா? மன்னரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவனுக்கு அன்று வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. நேரே சபைக்குப் போய், சடைச்சி சொன்னது சாபமல்ல, தொழில் தெரிந்தவளின் பேச்சு என்றான்.

கொழுந்தப்பன்மேல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த அதிகாரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். விகடனுக்குச் சுவர் சாஸ்திரம் தெரிகிறதே, வர்ணமா காகிதமா என்று அவனே தீர்ப்புச் சொல்லட்டுமே என்றார்கள். மன்னருக்கு அந்த யோசனை ருசித்துவிட்டது.

"நாளை உச்சிப்பொழுதில், ஒரே சொல்லில் விடை பகர வேண்டும். நாம் கேளாமல் இரண்டாவது சொல் உதிர்த்தாலும், உன் விடை பொய்த்தாலும், நீயும் அவளும் நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டியதுதான்" என்றார்.

எந்தச் சொல்லைச் சொன்னாலும் சுவர் அதைத் துப்பிவிடும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். கொழுந்தப்பனுக்கும் தெரியும். அவன் சிறைக்கூடத்துக்கு நடந்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் சடைச்சி, சுண்ணாம்பில் வெந்த உள்ளங்கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் ஒட்டாது என்று கேட்டான்.

"ஏன்னு கேக்க இத்தனை நாளா ஒருத்தருக்கும் தோணலை பாருங்க" என்றாள். "சுவரு ஓதம் குடிச்சிருக்கு சாமி. தொட்டா சில்லுனு ஈரம். பின்னாடி என்ன இருக்குன்னு போய்ப் பாருங்க."

கொழுந்தப்பன் சுவரின் பின்புறம் போய்ப் பார்த்தான். அங்கே மன்னரின் அன்னக்குளம். அரியணையில் இருந்தபடியே அன்னங்களின் குரலைக் கேட்கவேண்டும் என்று போன வருடம் மன்னர் ஆசைப்பட, அதிகாரிகள் இருவரும் முன்னின்று சுவரை ஒட்டியே குளம் வெட்டியிருந்தார்கள். நான்கு முழமாவது இடைவெளி வேண்டும் என்ற கொத்தனை அதட்டி வாயடைத்திருந்தார்கள். மன்னரின் ஆசைக்கு எதிராகப் பேச இரண்டு பேருக்கும் துணிவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்குச் சடைச்சி சிறையில் கிடக்கிறாள். கொழுந்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு குப்பைமேட்டுக்குப் போய், இரண்டு பெரிய கூடைகளை நிரப்பி எடுத்து வந்தான்.

மறுநாள் உச்சிப்பொழுது. சபை நிரம்பி வழிந்தது.

"வர்ணமா, காகிதமா?" என்றார் மன்னர்.

"குளம்" என்றான் கொழுந்தப்பன்.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. மன்னர் புருவத்தைச் சுருக்கினார். "நாம் வினவியது ஒன்று, நீ விளம்புவது ஒன்று. பொருள் கூற அனுமதித்தோம்."

"சொல்கிறேன், பிரபு. அதற்கு முன் ஒரு பாக்கி வேலை இருக்கிறது" என்றவன், முதல் கூடையைத் தூக்கி மாதவராயர் தலையில் கவிழ்த்தான். உதிர்ந்த வர்ணச் செதில்கள் அவர் பட்டு மேலாடையெங்கும் வழிந்தன. அடுத்த கூடை தில்லைவிடங்கருக்கு. பூஞ்சை பிடித்த காகிதம் தலைப்பாகையைச் சுற்றி நாறிக்கொண்டு தொங்கியது.

"உதிர்ந்தால் தங்கள் தலையில் போடலாம் என்று இவ்விருவரும் சபையறியச் சொன்னார்கள். தவறிப்போய்ச் சடைச்சியின் தலையில் போட்டுவிட்டார்கள். உரிய தலையில் சேர்த்துவிட்டேன்" என்றான். பிறகு குளத்தின் கதையையும் கொத்தனை அதட்டிய கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னான். மன்னரின் ஆசையையும் விட்டுவைக்கவில்லை.

மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். கொழுந்தப்பன் சிரிக்கவுமில்லை, கை நீட்டவுமில்லை. முதலில் சடைச்சியை அழைத்து வரவேண்டும் என்றான்.

அழைத்து வந்தார்கள். என்ன செய்யலாம் என்று மன்னர் அவளிடமே கேட்டார்.

"குளத்தைத் தள்ளி வெட்டுங்க மகாராசா. ஒரு கோடை முழுக்கச் சுவரு காயட்டும். அப்புறம் வர்ணமோ காகிதமோ, உங்க இஷ்டம்" என்றாள் சடைச்சி. போகலாம் என்ற பிறகும் அவள் நகரவில்லை. "பதிமூணு நாளு உள்ள இருந்தேன். நான் சொன்னது மெய்யா பொய்யான்னு ஒருத்தரும் சுவரைத் தொட்டுக்கூடப் பாக்கலை."

மன்னரின் சிரிப்பு நின்றுவிட்டது. அரியணையை விட்டு இறங்கினார். கிழக்குச் சுவருக்குப் போய் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். கையை எடுத்தபோது விரல்களெல்லாம் ஈரம். பிறகு முத்துமாலையைச் சடைச்சியின் கையில் தாமே கொடுத்து, இனி அவளைக் கேளாமல் அரண்மனைச் சுவர் ஒன்றையும் யாரும் தொடக்கூடாது என்று ஆணையிட்டார். குளத்து நீரை இறைத்து வெளியேற்றும் பணி அதிகாரிகள் இருவருக்கும் வந்து சேர்ந்தது.

குளக்கரையில் மாதவராயர் முதல் குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் வைத்து, பாதி நீரைத் தம் மேலும் மீதியைத் தில்லைவிடங்கர் மேலும் ஊற்றியபோதுதான், கொழுந்தப்பன் வாய்விட்டுச் சிரித்தான்.