மூடாத வளையம்

டாக்டர் ஹெப்சிபா மேல் மாரிச்செல்வத்துக்குச் சந்தேகம் வந்தது ஒரு டீ கிளாஸால்தான். முப்பது வருஷம் மூளை ஆபரேஷன் செய்த கை, கிளாஸைத் தூக்கும்போது லேசாக நடுங்கியது. அவரிடம் தொழில் படிக்க வந்த இளம் டாக்டர் அவன். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான்.

மறுவாரம் ரெஜினா வந்தாள். துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். பத்து நாளாக வாய் குழறுகிறது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. ஸ்கேன் படத்தில், மூளையின் இடப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஏதோ ஒன்று. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்.

“கட்டிதான் மேடம். நாளைக்கே எடுத்துடலாம்.”

“அந்த இடத்துலதான் பேச்சு இருக்கு. போச்சுன்னா?”

“விட்டா உயிரே போயிடுமே.”

ஹெப்சிபா படத்தைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“வளையம் ஒரு பக்கம் மூடல. கட்டின்னா பெரும்பாலும் முழுசா மூடியிருக்கும். நாளைக்கு வேணாம். எடுத்துத்தான் ஆகணும்னா நீயே எடு, நான் கூட நிக்கிறேன்.”

அப்படிப் போகிறதா கதை! கத்தியைத் தொடப் பயம், பழி வளையத்து மேல். ஒரு பொம்பளையின் உயிரை வைத்து மழுப்புகிறாரே என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹெப்சிபா வார்டுக்குப் போனார். ரெஜினாவின் புருஷனை இளநீர் வாங்கிவர அனுப்பினார். பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

“முன்னாடி எப்பவாவது கண்ணு மங்கிச்சாம்மா?”

ரெஜினா வாசலைப் பார்த்தாள். புருஷன் தலை மறைந்த பிறகுதான் வாய் திறந்தாள். ரெண்டு வருஷம் முன்னால், ஒரு கண் மட்டும், பதினைந்து நாள். அப்புறம் தானாகவே தெளிந்துவிட்டதாம்.

“வீட்டுல சொல்லலையா?”

“கண்ணு தெரியாதவ... ஏலம் விட்டா... எவன் நம்புவான்?”

அன்றே முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். அதிலும் கட்டியின் அடையாளம் இல்லை, வந்து வந்து போகும் மூளை அழற்சியின் அடையாளம்தான் இருந்தது; அன்று கண் மங்கியதும் அதனால்தான் இருக்கும். கத்தி தள்ளிப்போயிற்று, மருந்து ஏற்றினார்கள். ஆறு வாரத்தில் எலுமிச்சை சுண்டைக்காயாகியிருந்தது. நர்ஸை அதட்டும் அளவுக்கு ரெஜினாவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

“அப்போ கட்டி இல்லன்னு நம்பிடலாமா மேடம்?”

“இந்த மருந்துக்குச் சில கட்டியும் சுருங்கும். மூணு மாசத்துல இன்னொரு படம் எடு.” ஹெப்சிபா ஃபைலை மூடினார். “அது இருக்கட்டும். அன்னைக்குப் படத்தைப் பார்க்காம என் கையையே பார்த்துட்டு நின்னியே, என்ன?”

மாரிச்செல்வம் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“கை நடுங்குது... அதான் தள்ளிப் போடுறீங்கன்னு நெனச்சேன்.”

ஹெப்சிபா கையை மேஜை மேல் நீட்டினார். விரல்கள் நடுங்கின.

“நீ பார்த்தது நிஜம்தான்,” என்றார். “ஏன் நடுங்குதுன்னு, நான் ரெஜினாகிட்ட கேட்ட மாதிரி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”